மீனுக்கென்று தண்ணீர் இறைக்காதீர்கள்

பாலக்காட்டின் கிழக்கு ஓரமும் இடுக்கியின் கிழக்கு ஓரமும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே பறம்பிக்குளமும் வால்பாறையும் ஆனைமலைக் காடும் கிடக்கின்றன. மண் வேறு, மழை வேறு, பயிர் வேறு. கொழிஞ்சாம்பாறையில் தென்னையும் நிலக்கடலையும். உடும்பன்சோலையில் ஏலமும் மிளகும். இருந்தும் இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் வைத்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் மீன் வளர்ப்பவர்களில் பலர் மீனுக்காகக் குளம் வெட்டியவர்கள் அல்லர். பயிருக்குத் தண்ணீர் தேக்கக் குளம் வெட்டினார்கள், பிறகு அதில் குஞ்சு விட்டார்கள்.

2020ஆம் ஆண்டு இந்தப் பழக்கத்தை வேகப்படுத்தியது. ஊரடங்கில் வேலை இழந்து ஊர் திரும்பியவர்கள் கையில் ஒரு தொழில் தேடிக்கொண்டிருந்தார்கள். உணவு உற்பத்தியைப் பெருக்கக் கேரள அரசு சுபிக்ஷ கேரளம் திட்டத்தை அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசின் பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டம் வந்தது. அதில் பொதுப் பிரிவினருக்குத் திட்டச் செலவில் 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியம். மானியத்தில் தொடங்குவது எளிது. மானியம் தீர்ந்த இரண்டாம் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் அதே குளத்தில் மீன் இருக்குமா என்பதே இங்கே நாம் பார்க்கப்போவது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்துக்குப் போகிற தண்ணீர், போகிற வழியில் மீனையும் வளர்த்துவிட்டுப் போகட்டும். அப்படி அமைந்தால் மீன் நிலைக்கும். மீனுக்கென்று தனியே போர் போட்டு மோட்டார் ஓட்ட வேண்டியிருந்தால், இந்த இரண்டு ஓரங்களிலும் அந்தத் தொழில் வேண்டாம்.

சித்தூர்ப் பக்கம்: ஆவிக் கணக்கு

பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலுள்ள வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை, பெருமாட்டி ஆகிய பஞ்சாயத்துகள் கேரளத்தில் இருந்தாலும் கேரளத்து மழையைப் பார்ப்பதில்லை. மாநிலச் சராசரியில் பாதி பெய்தாலே நல்ல ஆண்டு. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து அடிக்கும் வறண்ட காற்று, இருக்கிற தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போகும்.

குஞ்சு வாங்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். கோடையில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 முதல் 7 மில்லிமீட்டர் ஆவியாகும். ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40 சதுர மீட்டர். நடுவாக 6 மில்லிமீட்டர் என்று வைத்தால் சென்டுக்கு 240 லிட்டர். 10 சென்ட் குளம் தினமும் 2,400 லிட்டரை வானத்துக்குக் கொடுக்கிறது. சொட்டுநீரில் ஒரு தென்னைக்கு நாளைக்கு 50 லிட்டர் என்றால், அது 48 தென்னையின் பங்கு. மண் குளமாக இருந்தால் கசிவு தனி.

வாய்க்கால் தண்ணீரைத் தேக்க எப்படியும் குளம் வேண்டும் என்றால் இந்த இழப்பு தென்னையின் கணக்கில் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. மீன் அதற்குமேல் ஒரு சொட்டும் கேட்கவில்லை. மீனுக்காகவே புதிதாக 10 சென்ட் வெட்டினால் அந்த 2,400 லிட்டரும் மீனின் தலையில். இரண்டு குளமும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், கணக்குப் புத்தகத்தில்தான் வேறுபாடு தெரியும்.

ஆழியாற்றிலிருந்து மணக்கடவு வழியாகச் சித்தூர்ப்புழைக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும் என்பது 1970இல் கையெழுத்தான பறம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம். அந்தத் தண்ணீர் வாய்க்காலில் முறைவைத்து வரும். சில ஆண்டு தாமதமாகவும் வரும், இரண்டு மாநில அதிகாரிகளும் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்கள். முறைத் தண்ணீரில் குளத்தை நிரப்பி, அடுத்த முறை வரை அதிலிருந்து பாசனம் செய்கிறவருக்குத்தான் இந்த அத்தியாயம் பொருந்தும். அவர் குளத்தில் செய்ய வேண்டிய மாற்றம் ஒன்றே ஒன்று. ஒரு மூலையில், குளத்தின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு, மற்ற இடத்தைவிட ஒரு மீட்டர் கூடுதலாகப் பள்ளம் எடுங்கள். மோட்டாரின் புட்வால்வைப் பள்ளத்துக்குள் இறக்காமல் அதன் விளிம்புக்கு மேலே நிற்கும்படி கட்டுங்கள். ஆள் மறந்து மோட்டாரை ஓடவிட்டாலும் பள்ளத்துத் தண்ணீர் மீனுக்கு மிஞ்சும். வாய்க்கால் முறை பத்து நாள் தள்ளிப்போகும் ஆண்டில் இந்தப் பள்ளம்தான் போட்ட பணத்தைக் காப்பாற்றும். பள்ளத்தின் மேல் தென்னங்கீற்றில் ஒரு நிழல் போட்டால் இன்னும் நல்லது.

போர் தண்ணீர் பற்றி. நிலத்தடி நீரை ஒருவர் எவ்வளவு எடுக்கலாம் என்ற கேள்வியை உலகத்துக்கே கேட்கும்படி எழுப்பியது பெருமாட்டிப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடைதான். 2000இல் தொடங்கிய கொக்க-கோலா ஆலை மக்கள் போராட்டத்துக்குப் பின் 2004இல் நின்றது. சித்தூர் ஒன்றியத்தை மத்திய நிலத்தடி நீர் வாரியம் பல ஆண்டுகள் மிகை எடுப்புப் பட்டியலில் வைத்திருந்தது. அந்த மண்ணில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பங்காசியஸ் மீன் வளர்ப்பது பக்கத்துத் தோட்டத்துக்காரர் கிணற்றில் கைவைப்பது. கம்பெனி எடுத்தால் போராட்டம், நாம் எடுத்தால் முன்னேற்றம் என்று சொல்ல முடியாது.

இந்தப் பக்கத்துக்கு ஒரு நன்மை உண்டு. தண்ணீர் கடினத் தண்ணீர். குடிக்கச் சப்பென்றும் உவர்ப்பாகவும் இருக்கும், மீனுக்கு அதுதான் சுகம். பி.எச். காலை மாலை அதிகம் ஆடாது. மலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

இடுக்கிப் பக்கம்: படுதாக் குளம்

சாந்தன்பாறை, நெடுங்கண்டம், வண்டன்மேடு, கம்பம்மெட்டு வட்டாரத்தில் ஏலத்தோட்டத்தின் மேட்டில் பள்ளம் தோண்டி, பாலித்தீன் படுதா விரித்து, மழைநீரையோ ஊற்றையோ தேக்குகிறார்கள். மாசியிலிருந்து சித்திரை வரை ஏலத்துக்கு ஊற்றும் தண்ணீர் அது. ஆனி, ஆடியில் தானே நிரம்பிவிடும். மின்சாரம் வேண்டாம், போர் வேண்டாம். நிலைத்து நிற்கும் மீன் வளர்ப்புக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கேரளத்தில் குறைவு. அதே குளத்தில்தான் மீன் ஒட்டுமொத்தமாகச் செத்து மிதப்பதும் நடக்கிறது. காரணங்கள் தெரிந்தவைதான்.

முதலாவது, மருந்து. ஏலத்தில் த்ரிப்ஸுக்கும் தண்டு துளைப்பானுக்கும் அடிக்கும் மருந்துகளில் செயற்கைப் பைரித்ராய்டு வகை மனிதனுக்கு ஓரளவு சாது, மீனுக்கு எமன். லாம்டா சைஹாலோத்ரின் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மைக்ரோகிராம் இருந்தாலே பல மீன் இனங்கள் தாங்காது. கடையில் கிடைக்கும் 5 விழுக்காட்டு மருந்தில் 4 மில்லி, 2 லட்சம் லிட்டர் குளத்தை அந்த அளவுக்குக் கொண்டுபோகப் போதும். நான்கு மில்லி என்றால் ஒரு பாட்டில் மூடிகூட நிறையாது.

அந்த 4 மில்லி எப்படிக் குளத்துக்குள் போகிறது என்று பாருங்கள். மருந்து அடிக்கும் நாளில் 200 லிட்டர் நீல டிரம்மைக் குளத்துக் கரையிலேயே நிறுத்துவார்கள். குளத்திலிருந்து ஹோஸ் போட்டு டிரம்மை நிரப்புவார்கள். ஹோஸின் நுனி டிரம்மின் அடிவரை போயிருக்கும். உள்ளே மருந்தைக் கலக்கிய பிறகு யாரோ பம்பை நிறுத்துவார். டிரம் மேட்டில், குளம் பள்ளத்தில். ஹோஸில் நின்ற தண்ணீர் திரும்பி இறங்கும்போது டிரம்மில் கலந்ததையும் இழுத்துக்கொண்டு குளத்துக்கே போய்விடும். யாரும் எதையும் கொட்டவில்லை, மறுநாள் காலை மீன் வெள்ளை வயிற்றோடு மிதக்கும். வைத்தியம் சுலபம்: ஹோஸின் நுனி டிரம்முக்குள் இறங்காதபடி, வாய்க்கு ஒரு சாண் மேலே கம்பியில் கட்டிவிடுங்கள். அதைவிட நல்லது, டிரம்மைக் குளத்துக்குக் கீழ்ச்சரிவில் கொண்டுபோய், தண்ணீரைத் தானாக இறங்க விடுவது. டிரம்மும் ஸ்ப்ரேயரும் கழுவிய தண்ணீர் குளத்தின் பக்கமே வரக் கூடாது. மருந்து அடிக்கிறவர்களிடம் "அண்ணே, கொளத்துல மீனு கெடக்கு" என்று ஒருமுறை சொன்னால் போதாது, ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். அடிக்க வரும் ஆள் ஒவ்வொரு முறையும் வேறு ஆள்.

மழைக்காலத்தில் அழுகல் நோய்க்கு அடிக்கும் போர்டோக் கலவையும் ஆபத்துதான். நூறு லிட்டருக்கு ஒரு கிலோ மயில் துத்தம் அதில் இருக்கிறது. செம்பு கடினத் தண்ணீரில் அவ்வளவு கடிக்காது, மலைத் தண்ணீரில் கடிக்கும். காரத்தன்மை லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் குளத்தில் துத்தத்தைத் தொடவே கூடாது என்பது மீன் மருத்துவத்தில் பழைய விதி. படுதாக் குளத்து மழைத் தண்ணீரில் பெரும்பாலும் 20கூட இருக்காது.

அதுதான் இரண்டாவது காரணம். படுதா மண்ணைத் தண்ணீரிலிருந்து பிரித்துவிடுகிறது. சுண்ணாம்புச் சத்து எங்கிருந்தும் வராது. பாசி பிடித்த குளத்தில் மாலை பி.எச். 9க்கு ஏறும், விடியலில் 6.5க்கு இறங்கும். மீன் சாகாது, ஆனால் தீனியும் எடுக்காது. சென்டுக்கு ஒரு கிலோ டோலமைட்டோ விவசாயச் சுண்ணாம்போ சாக்கில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள், தானே கரையும். சுட்ட சுண்ணாம்பு வேண்டாம், அது ஒரே இரவில் பி.எச்.சைத் தூக்கிவிடும். அலங்கார மீன் கடையில் காரத்தன்மை பார்க்கும் பட்டை கிடைக்கிறது. மாதம் ஒன்று செலவழித்தால் போதும்.

மூன்றாவது குளிர். ஜிலேபி மீன் 16 டிகிரிக்குக் கீழே தீனியைத் தொடாது, 11, 12க்குக் கீழே பிழைக்காது. பங்காசியஸும் குளிர் தாங்காது. கட்லாவும் ரோகுவும் சாகாவிட்டாலும் வளர மறுக்கும். மார்கழியில் விடியற்காலை ஓரடி ஆழத்தில் தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். 18க்குக் கீழே போகிற குளம் என்றால் புல் கெண்டையும் வெள்ளிக் கெண்டையும்தான் உங்கள் மீன். வட்டவடை, காந்தளூர் உயரத்தில் தண்ணீர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் இடமானால் ட்ரவுட் நினைவுக்கு வரும். வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் மூணாறு மலையோடைகளில் கொண்டுவந்து விட்ட மீன் அது. ராஜமலையில் அதற்குக் குஞ்சு பொரிப்பகம் உண்டு. ஆனால் 20 டிகிரிக்குமேல் ஏறாத, இரவு பகல் நிற்காத ஓட்டம் வேண்டும். ஓடையைத் திருப்பித்தான் அந்த ஓட்டம் கிடைக்கும் என்றால் கீழே இருப்பவர் வயல் காயும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படுதாக் குளத்தில் மீன் விடும் முன் செய்ய வேண்டிய இன்னொரு வேலைக்கும் மீனுக்கும் சம்பந்தமில்லை. ஈரப் படுதாவில் கால் வைத்தால் நீச்சல் தெரிந்தவரும் ஏற முடியாது. இதில் விழுந்து இறந்தவர்கள் உண்டு, குழந்தைகள் உட்பட. சுற்றிலும் வேலி போடுங்கள். நான்கு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிற்றைக் கரையில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். மீனைப் பார்க்கப் பிள்ளைகள் வருவார்கள் என்பதால் குஞ்சு விடுவதற்கு முந்தைய நாளே இதைச் செய்ய வேண்டும்.

குளம் உடைந்தால் தண்ணீர் எங்கே போகும்?

குஞ்சுக் கடையில் நிற்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இதுதான், பலரும் கேட்பதில்லை. கொழிஞ்சாம்பாறைக் குளம் உடைந்தால் மீன் பாரதப்புழைக்குப் போகும். நெடுங்கண்டம், குமுளிக் குளம் உடைந்தால் பெரியாற்றுக்கு. காந்தளூர், மறையூர்க் குளம் உடைந்தால் பாம்பாறு வழியாக அமராவதிக்கு வந்து காவிரியைச் சேரும். கேரளத்தில் வளர்த்த மீன் கரூரில் ஆற்றில் திரியும்.

மூன்றில் பெரியாறு மிகவும் நொய்ந்த இடம். 1895இல் முல்லைப்பெரியாறு அணை கட்டியதால் உண்டான தேக்கடி ஏரியிலும் அதற்கு மேலேயுள்ள ஓடைகளிலும் உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் இருக்கின்றன. லெபிடோபைகாப்ஸிஸ் டைபஸ் என்று 1941இல் அறிவியல் பெயர் பெற்ற பெரியாற்று ட்ரவுட் அவற்றில் ஒன்று. அதே ஏரியில் வெளியிலிருந்து வந்த சாதாக் கெண்டையும் ஜிலேபியும் பெருகிக் கிடக்கின்றன, ஆப்பிரிக்கக் கெளுத்தியும் ஏறிவிட்டது. ஒருமுறை ஏறியதை இறக்க வழியில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பின் கேரள ஆறுகளில் அரபைமாவும் முதலை மூஞ்சி மீனும் வலையில் விழுந்தன. அவை பண்ணைகளிலும் தொட்டிகளிலும் இருந்தவை. அவ்வளவு பெரிய வெள்ளம் வேண்டியதில்லை. ஆடி மழையில் படுதாக் குளத்தின் ஒரு கரை வழிந்தாலே போதும்.

இதிலிருந்து என் தேர்வு விதி: தப்பிப்போனால் ஆற்றில் தானாகப் பெருகாத மீனை மேட்டில் வளருங்கள். புல் கெண்டை முட்டையிட நீண்ட ஓட்டமுள்ள பெரிய ஆறு வேண்டும். குளத்திலும் மலையோடையிலும் அது பெருகாது. வெள்ளிக் கெண்டையும் அப்படியே. சாதாக் கெண்டை நின்ற தண்ணீரில் புல்லில் முட்டை ஒட்டிவிடும், ஆகவே பெரியாற்றுக்கு மேலே அது வேண்டாம். ஜிலேபி ஊரறிந்த பெருக்கம். கிஃப்ட் ஜிலேபியில் ஆண் குஞ்சு மட்டும் என்று விற்பார்கள். நூற்றுக்கு நூறு ஆணாக எந்தப் பொரிப்பகமும் தருவதில்லை. சித்தூர்ப் பக்கம் அதை வளர்க்கலாம். 1952இல் இந்தியாவுக்கு வந்த மொசாம்பிக் ஜிலேபி அங்குள்ள குளம் குட்டைகளில் ஏற்கெனவே குடியேறிவிட்டது, வடிகாலில் வலைக் கம்பி இருந்தால் புதிய கேடு சிறிது. நெடுங்கண்டத்தில் உரிமம் கிடைத்தாலும் நான் விட மாட்டேன். ஆப்பிரிக்கக் கெளுத்தி எங்குமே கூடாது. 2000இல் மத்திய அரசு தடை செய்தது. "நாட்டுக் கெளுத்தி" என்ற பெயரில் வரும், கொழுகொழுவென்ற, நாலே மாதத்தில் ஒரு கிலோ தாண்டும் கெளுத்தியை நம்பாதீர்கள்.

சமவெளிக் குளத்துக்கு அளவு: எக்டேருக்கு 8,000 முதல் 10,000 குஞ்சு என்பது கூட்டுமீன் வளர்ப்பின் வழக்கமான கணக்கு, சென்டுக்கு 32 முதல் 40. பத்து சென்டுக்கு 400க்கு மேல் போகாதீர்கள். குஞ்சு விற்பவர் 2,000 போடச் சொல்வார். போடலாம், ஏரேட்டரும் கம்பெனித் தீனியும் கூடவே வரும், அவற்றையும் அவரே விற்பார். படுதாக் குளத்தில் அடிச்சேறு இல்லாததால் மிர்கால் வேண்டாம், அதற்கு அங்கே மேய ஒன்றுமில்லை. மலம்புழையில் கேரள மீன்வளத் துறையின் குஞ்சுப் பண்ணை இருக்கிறது. எல்லை தாண்டி ஆழியாற்றில் தமிழகத் துறையின் பண்ணை. எங்கே வாங்கினாலும் ரசீது வாங்குங்கள், கேரள மீன் விதைச் சட்டம் 2014இன்படி அங்கீகாரம் பெற்ற இடத்துக் குஞ்சாக இருக்க வேண்டும். மலைக்கு 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த குஞ்சு வேண்டாம். குளிரில் அது வளருமுன் கோடை வந்து குளம் வற்றிவிடும்.

நீர்க்காகத்துக்குக் குளத்தின் குறுக்கே நைலான் நூல் கட்டுங்கள். நீர்நாய் வந்தால் வேலியை இறுக்குவது தவிர வேறு வழியில்லை. அது காட்டுயிர்ச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பது.

தீனி யாருடைய தட்டிலிருந்து வருகிறது

மீன் வளர்த்தால் கடல் மீனுக்குச் சுமை குறையும் என்று மேடையில் பேசுவார்கள். தீனி மூட்டையைப் பிரித்தால் உள்ளே மீன்தூள் இருக்கும். அதில் பெரும்பங்கு மத்தி போன்ற சிறு மீன். கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி பிடிபட்டது, 2021இல் சுமார் 3,300 டன். அதற்குக் கடலின் சூடு முதலாகப் பல காரணங்கள் உண்டு, மீன்தூள் ஆலை மட்டும் அல்ல. ஆனாலும் ஏழை வீட்டுச் சட்டியில் வேக வேண்டிய மத்தியைத் தூளாக்கி, அதைத் தின்ற மீனை இரண்டு மடங்கு விலைக்கு விற்பதை நிலைத்த தொழில் என்று என்னால் எழுத முடியாது.

கெண்டை இனங்களுக்கு அது தேவையே இல்லை. தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம எடை கலந்து, முந்தின இரவே ஊறவைத்து, காலையில் உருண்டை பிடித்து, தட்டில் வைத்துக் கயிற்றில் இறக்குங்கள். பாலக்காட்டு அரிசி ஆலைத் தவிடும் சித்தூர்ப் பக்கத்துச் செக்குப் புண்ணாக்கும் கூப்பிடு தூரத்தில் கிடைக்கின்றன. இரண்டு மணி நேரம் கழித்துத் தட்டைத் தூக்கிப் பாருங்கள். மிச்சம் இருந்தால் மறுநாள் குறையுங்கள். வானம் மூடிய நாளிலும், விடியலில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும் நாளிலும் தீனியே வேண்டாம். மலையில் புல் கெண்டைக்குக் கோ-4 தீவனப்புல் போதும். கரையிலேயே நட்டு, நறுக்கி, மூங்கில் சட்டத்துக்குள் போட்டால் தின்று தீர்க்கும். அதன் சாணத்தில் பாசி வளரும், அந்தப் பாசியை வெள்ளிக் கெண்டை தின்னும். புல்லில் மருந்துச் சாரல் பட்டிருந்தால் போடாதீர்கள்.

கோழிக்கடைக் கழிவு இலவசமாக வருகிறது, சிலபேர் காசும் கொடுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அதை வாங்குகிறவர் மீன் பண்ணை நடத்தவில்லை, குப்பைக் கிடங்கு நடத்துகிறார். ஊராருக்கு ஒருநாள் நாற்றம் எட்டினால் பஞ்சாயத்து பூட்டிவிடும், பூட்டட்டும்.

அழுக்குத் தண்ணீரின் விலை

தீனியில் இருக்கும் தழைச்சத்தில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் மீனின் உடம்பில் சேர்கிறது. மற்றது தண்ணீரில். பத்து சென்டுக் குளத்தில் 400 குஞ்சு விட்டு 300 பிழைத்து, ஒவ்வொன்றும் 800 கிராம் வந்தால் 240 கிலோ மீன். தவிடும் புண்ணாக்குமாக அதற்கு 480 கிலோ தீனி போகும். அதிலுள்ள தழைச்சத்து ஏறத்தாழ 20 கிலோ, மீனோடு வெளியேறுவது 6 கிலோ. மிச்சம் 14 கிலோவில் பாதி காற்றிலும் சேற்றிலும் போனாலும் 7 கிலோ தண்ணீரோடு தோட்டத்துக்குப் போகும். அது 15 கிலோ யூரியாவுக்குச் சமம். தென்னைக்கு ஆண்டுக்கு அரைக் கிலோ தழைச்சத்து என்றால் 14 மரத்தின் முழுப் பங்கு. இதே 7 கிலோ ஓடையில் போனால் கீழே ஒருவர் குளிக்கும் துறையில் பாசி.

ஆகவே குளத்தின் அடித்தண்ணீரை வாரம் ஒருமுறை எடுத்து வாழைக்கோ காய்கறிக்கோ விடுங்கள். மலைச்சரிவில் மோட்டாரே வேண்டாம். ஹோஸின் ஒரு நுனியில் வலை கட்டி அடியில் போட்டு, மறு நுனியைச் சரிவில் இறக்கி ஒருமுறை உறிஞ்சிவிட்டால் தானே ஓடும். சொட்டுநீர் வைத்திருப்பவர்கள் இந்தத் தண்ணீரை நேரே விட்டால் ஒரே மாதத்தில் துளை அடைத்துக்கொள்ளும். மணல் வடிகட்டி வேண்டும், குழாய் நுனிகளை வாரம் ஒருமுறை திறந்து கழுவ வேண்டும். வடிகட்டிக்குச் செலவழிக்க மனமில்லாதவர்கள் பாத்தியில் பாய்ச்சட்டும்.

பயோஃப்ளாக் பற்றிக் கேட்பீர்கள். 20,000 லிட்டர் வட்டத் தொட்டி, இரவு பகல் காற்று, வெல்லப்பாகு, நுண்ணுயிர். தண்ணீர் மிச்சம் என்பது உண்மை, ஆவிக் கணக்கில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் காற்று நின்றால் அரைமணியில் மீன் திணறும், ஒரு மணியில் முடிந்துவிடும். ஆடியில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் மலையில் எத்தனை மணி நேரம் கரண்ட் வராது என்று உங்களுக்குத் தெரியும். போதாததற்கு, அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா ஒவ்வொரு கிராமுக்கும் 7 கிராம் காரத்தன்மையைத் தின்றுவிடும். மலைத் தண்ணீரில் அது முதலிலேயே இல்லை. ஜெனரேட்டரும் ஆளும் இருந்தால் சித்தூரில் முயலலாம். மலையில் வேண்டாம்.

எப்போது பிடிப்பது

விலையை மீன் தீர்மானிப்பதில்லை, நாள்காட்டி தீர்மானிக்கிறது. ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் கேரளத்தில் விசைப்படகுகளுக்கு இழுவலைத் தடை. அப்போது குளத்து மீனுக்கு மரியாதை. கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டால் மண்டலம் முடியும் வரை பல வீடுகளில் மீன் இல்லை. டிசம்பரில் கிறிஸ்தவர்களின் 25 நோன்பு, ஈஸ்டருக்கு முன் 50 நோன்பு. நெடுங்கண்டம், கட்டப்பனைப் பக்கம் பழைய வழக்கப்படி அந்த நாள்களில் மீனும் இறைச்சியும் தவிர்க்கும் வீடுகள் உண்டு. நோன்பு முடிவதற்கு முந்தைய நாள் சந்தை பொங்கும். புரட்டாசியில் பொள்ளாச்சியை நம்பி வலை போடாதீர்கள். படுதாக் குளத்துக்காரர்கள் ஆனியில் விட்டு, கிறிஸ்துமஸுக்குப் பெரியதைப் பொறுக்கி எடுத்து, மிச்சத்தை ஈஸ்டருக்குள் முடிக்கலாம். அதற்குள் ஏலத்துக்கு ஊற்றி ஊற்றிக் குளமும் இறங்கியிருக்கும். சித்தூரில் கார்த்திகையில் விட்டு இழுவலைத் தடைக்குப் பிடிப்பது சரியாக வரும்.

உயிரோடு விற்றால் தனி விலை. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் "மீனு உசுரோட இருக்குதுங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடித்தால் வியாபாரி சொன்னதே விலை. வாரம் 20 கிலோ பிடித்தால் அக்கம்பக்கம் பத்து வீடே சந்தை.

காகிதங்கள் அதிகமில்லை. கேரள உள்நாட்டு மீன்பிடி, நீர்வாழ் உயிரின வளர்ப்புச் சட்டம் 2010இன் கீழ்ப் பண்ணையைப் பதிவு செய்ய வேண்டும். பஞ்சாயத்துக்கு வரும் அக்வாகல்ச்சர் புரமோட்டரைப் பிடித்தால் வழி சொல்வார், இல்லையேல் மத்ஸ்ய பவன். பாலக்காட்டில் நெல்வயலில் குளம் வெட்ட நினைப்பவர்கள் 2008ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தை மறக்க வேண்டாம். கிருஷி பவனில் கேட்காமல் பொக்லைனை இறக்கினால் குளத்தை நீங்களே மூட வேண்டி வரும். படிவம் மலையாளத்தில் இருக்கிறதே என்று தயங்காதீர்கள். தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் பகுதி அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும், தமிழில் பதில் பெறவும் 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தருகிறது.

கடைசி அறுவடையில் குளத்தில் ஓரடித் தண்ணீர் மிஞ்சும். சேறும் தப்பிய பொடி மீனும் அதில்தான் இருக்கும். அதை ஓடைக்குத் திறந்துவிடாமல், கொசுவலைத் துணி கட்டிய ஹோஸில் எடுத்து மரத்தின் பாத்திகளுக்கு விடுங்கள். படுதாவை ஒரு வாரம் வெயிலில் காயவிட்டுக் கிழிசலை ஒட்டுங்கள். ஒட்ட முடியாத அளவுக்கு இற்றுப்போன படுதாவைத் தோட்டத்தில் எரிக்கவோ புதைக்கவோ வேண்டாம். சுருட்டி நிழலில் வைத்துவிட்டு, பிளாஸ்டிக் கழிவு திரட்டும் ஹரித கர்ம சேனா எப்போது எடுத்துக்கொள்ளும் என்று கேளுங்கள்.